எண்ணெயில் தண்ணீர்

தம்பிராஜா அன்று சோற்றை நின்றுகொண்டே தின்றான். தட்டைக் கையில் ஏந்தியபடி அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தான். ஒரு வாய் அங்கே, ஒரு வாய் இங்கே.

“உக்காந்து சாப்பிடுங்க. சோறு எங்கயும் ஓடிப் போகாது,” என்றாள் அவன் மனைவி பாக்கியலட்சுமி.

“சோறு போகாது. டிராக்டரு போயிரும்.”

“எந்த டிராக்டரு?”

மலாக்காவை அடுத்த டுரியான் துங்காலுக்கு உள்ளே, அவர்கள் இருவரும் வேலை செய்த பழைய ரப்பர் தோட்டத்தில், ஸ்டோர் கொட்டகையில் ஒரு டிராக்டர் நிற்கிறது என்று அவன் சொன்னான். தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றாகிவிட்டது. வெள்ளைக்கார துரை ஊருக்குப் போகிறார். அவர் உட்கார்ந்த நாற்காலி முதல் ரப்பர் பால் நிறுத்த தராசு வரை எல்லாம் விற்பனைக்கு வந்திருக்கிறது. டிராக்டரில் எஞ்சின் கோளாறு, அதனால் அடிமாட்டு விலை. யாரும் எடுக்காவிட்டால் பழைய இரும்புக்காரன் வந்து உடைத்து அள்ளிக்கொண்டு போய்விடுவான்.

“கோளாறான வண்டி நமக்கு எதுக்கு?”

“சரி பண்ணிட்டா கூலிக்கு உழலாம். இங்க காஜா பேராங்ல, அந்தாண்ட பாச்சாங்ல, சுத்தி எல்லாம் நெல்லு வயலு. எல்லாரும் இன்னும் எருமையைத்தான் கட்டி அடிக்கிறாங்க.”

“எதை வித்து வாங்குறது?”

அவன் கண் போன இடத்தை அவள் பார்த்துவிட்டாள். கொல்லையில் அவளுடைய மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டின் நடுப்பகுதி. மெர்டேக்காவுக்கு, நாட்டின் சுதந்திர நாளுக்கு, சில வாரங்களே இருந்தன. கடைத்தெருவில் வளைவுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். தமிழர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே பேச்சுதான், இங்கேயே இருப்பதா, இந்தியாவுக்குக் கப்பலேறுவதா. தம்பிராஜாவுக்கு அந்தப் பேச்சு ஒரு காய்ச்சலைப் போலப் பிடித்திருந்தது. தோட்டத்து லாரியை விற்றபோது அதை ஓட்டிய அவன் வேலையும் போயிற்று. அதன்பின் ஜாலான் பெண்டஹாரா வீதியில் மசாலாக் கடை மூட்டை தூக்கினான், ஆற்றோரம் படகுச் சரக்கு இறக்கினான், யாராவது டிரைவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அவர் லாரியை ஓட்டினான். எந்த வேலையிலும் கால் தரிக்கவில்லை. காலையில் சிங்கப்பூருக்குப் போவோம் என்பான். மாலையில் ஊருக்கே போய்விடுவோம் என்பான். பாக்கியலட்சுமியோ இங்கேயே பிறந்தவள். அவளுக்குக் கப்பல் என்பது உஜோங் பாசிர் கடற்கரையில் நின்று தூரத்தில் பார்த்த ஒன்று, அவ்வளவுதான்.

தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்தபோது சாமான்களை அவன் வண்டியில் ஏற்றிவந்தான். அவள் மாட்டைக் கயிற்றில் பிடித்து டவுன் வரைக்கும் நடந்தே வந்தாள். காஜா பேராங்கில் செட்டி கம்பம் என்ற குடியிருப்புக்குள் ஒரு வீட்டின் பின்கட்டு வாடகைக்குக் கிடைத்தது. கம்பத்து வீடுகளுக்கு அவள் பால் ஊற்றினாள். இந்த ஒரு வருஷமாக அடுப்பு எரிந்தது அந்தப் பாலால்தான். அது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பிராஜா பொன்னுதுரையை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். பொன்னுதுரை டவுனில் பஸ் ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஃபிட்டர். அதிகம் பேசாதவர், பேசினாலும் எதற்கும் உறுதி சொல்லாதவர்.

கொட்டகையில் டிராக்டர் தூசும் சிலந்திக்கூடுமாக நின்றது. டயர்கள் பரவாயில்லை. பின்னால் மூன்று வட்டத் தகடுகள் வைத்த கலப்பை ஒன்று துருவேறிக் கிடந்தது. முன்பு இதை ஓட்டிய ஆள் போன வருஷமே கப்பலேறிவிட்டார். என்ன ஆயிற்று என்று சொல்ல யாருமில்லை.

பொன்னுதுரை முதலில் எஞ்சினின் எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தார். கறுப்பாக இருக்கவேண்டிய எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியிருந்தது.

“எண்ணெயில தண்ணி எறங்கியிருக்கு,” என்றார்.

கொண்டுவந்த பெட்ரோலை ஊற்றி, பிளக்குகளைத் துடைத்து, தம்பிராஜா கைப்பிடியைச் சுற்றினான். கை கழன்றுவிடும்போல் இருந்தது. நெடுநேரம் கழித்து எஞ்சின் ஒருமுறை இருமி, மறுபடி இருமி, பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. பொன்னுதுரை ரேடியேட்டர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். உலையில் அரிசி கொதிப்பதைப் போலத் தண்ணீரில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. கையைக் காட்டி அணைக்கச் சொன்னார்.

“என்னாண்ணே?”

“ரெண்டுல ஒண்ணு. எஞ்சின் தலைக்கும் கீழ இருக்கிற பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற கேஸ்கட் தகடு வெந்திருக்கலாம். அப்படின்னா சின்ன வேலை. இல்லாட்டி இரும்புலயே வெடிப்பு. அப்படின்னா…” அவர் உதட்டைப் பிதுக்கினார்.

“எதுன்னு எப்படிண்ணே தெரியும்?”

“தலையைக் கழட்டுனாத்தான் தெரியும்.”

தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி மாணிக்கவாசகம் வாசலிலேயே நின்றிருந்தார். விற்பனையை முடித்துக் கணக்கை ஒப்படைக்கும் பொறுப்பு அவருடையது. கழற்றும் பேச்சு காதில் விழுந்ததும் உள்ளே வந்தார்.

“அதெல்லாம் வாங்குனப்புறம் கழட்டு, தம்பிராஜா. நீ பாட்டுக்குத் தொறந்து போட்டுட்டு வேணாம்னு போயிட்டா, அப்புறம் நான் யாருக்கு விக்கிறது?”

திரும்பி வரும் வழியெல்லாம் தம்பிராஜா பேசிக்கொண்டே வந்தான். கேஸ்கட்டாகத்தான் இருக்கும் என்றான். கொஞ்ச தூரம் போனதும் வெடிப்பாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் இவ்வளவு மலிவாக விடுவார்களா என்றான். பொன்னுதுரை பஸ் ஜன்னல் வழியே ரப்பர் மரங்களைப் பார்த்தபடி வந்தார்.

அந்த வாரம் வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. அவன் வேலைக்குப் போன இடத்தில் மூட்டையைத் தவறான லாரியில் ஏற்றிவிட்டுத் திட்டு வாங்கினான். வீட்டுக்கு வந்தால் தரையில் கரியால் எஞ்சினை வரைந்தான், காலால் அழித்தான், மறுபடி வரைந்தான். பேச்சை எங்கே தொடங்கினாலும் டிராக்டரில் வந்து நின்றது.

வீட்டுக்காரர் அப்புவுக்கு இதில் ஒரே சுவாரசியம். அவர் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வேரூன்றிய மலாக்கா செட்டிகளில் ஒருவர். நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் தமிழ் இருக்காது. மலாய்தான் பேசுவார். சாமி, அம்மன் என்று ஓரிரு சொற்கள் மட்டும் நடுவில் தலைகாட்டும். கம்பத்துக்குப் பின்னால் அவருக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. போன பருவத்தில் வாடகை எருமை கிடைக்காமல் பாதி நிலம் தரிசாகக் கிடந்தது.

“போலே ஜாலான்?” என்று தினமும் கேட்பார். ஓடுமா என்று அர்த்தம்.

“தாக் தாவு,” என்பான் தம்பிராஜா. தெரியவில்லை. அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லியே அவனுக்கு எரிச்சல் ஏறியது.

ஒருநாள் அவன் வெடித்தான். “மாட்டை வித்துரலாம், பாக்கியம். வர்றது வரட்டும்.”

அவள் பால் செம்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“மாடு என்னோடது. வாங்குறதுக்கு முந்தி அந்த எஞ்சினைத் தொறந்து பாக்கணும். பாத்துட்டுச் சொல்றேன்.”

“கிராணி தொறக்க விடமாட்டாரு.”

“நீங்க கேட்டீங்க. நான் கேக்கல.”

அடுத்த ஞாயிறு அவளும் கிளம்பினாள். மகள் ஜெயாவை அப்பு வீட்டில் விட்டுவிட்டு பொன்னுதுரையையும் சேர்த்து மூவராகப் பஸ் ஏறினார்கள். மாணிக்கவாசகம் ஆபீஸ் வாசலில் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் பத்து வருஷம் அவள் ரப்பர் பால் வெட்டியதை அவர் பார்த்திருக்கிறார்.

“கிராணி ஐயா, நாங்க தொறந்து பாக்குறோம். நல்லா இருந்தா இன்னிக்கே பேசி முடிச்சிக்கிறோம். இல்லன்னா இருந்தபடியே திருப்பி மாட்டிக் குடுத்துட்டுப் போறோம்.”

“மாட்டிக் குடுத்தா மட்டும்? டவுன்ல போயி வெடிப்புன்னு சொல்லுவீங்க. அப்புறம் எவன் வருவான்?”

“இப்ப மட்டும் யாரு வந்தா?”

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். கொட்டகைப் பக்கம் பார்த்தார். இரும்புக்காரன் கேட்ட விலை அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

“சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரணும். துரை வந்து பாத்தா நான் பதில் சொல்ல முடியாது,” என்று சொல்லிவிட்டு மறுபடி ஆணி அடிக்கத் தொடங்கினார்.

பொன்னுதுரை சாமான் பையை விரித்தார். தண்ணீரை வடித்தார்கள். குழாய்களைக் கழற்றினார்கள். தலையைப் பிடித்திருந்த நட்டுகள் வருஷக்கணக்கில் அசையாதவை. ஒவ்வொன்றுக்கும் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருக்க வேண்டியிருந்தது. வேகப்பட்டுத் திருகினால் போல்ட்டே முறிந்துவிடும். தம்பிராஜா வண்டியருகே மண்டியிட்டு உட்கார்ந்தான்.

பாக்கியலட்சுமி ஒரு பழைய டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போகப் போக அவள் பார்வை எஞ்சினைவிட்டுப் புருஷன்மேல் திரும்பியது. அவன் எழுந்திருக்கவில்லை. நடக்கவில்லை. நட்டுச் சாவியை வைத்து, மெல்லக் கொடுத்து, நின்று, காது வைத்துக் கேட்டு, மறுபடி கொடுத்தான். நெற்றி வியர்வை மூக்குவரை வந்து சொட்டுவதைக்கூடத் துடைக்கவில்லை. கழற்றிய நட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு சாக்கின்மேல் அடுக்கினான். இந்த ஒரு வருஷத்தில் அவன் இவ்வளவு நேரம் ஓரிடத்தில் இருந்து அவள் பார்த்ததில்லை.

இருவரும் சேர்ந்து தலையைத் தூக்கிச் சாக்கில் வைத்தார்கள். கேஸ்கட் நடுவில் கருகி அரித்துப் போயிருந்தது.

“கேஸ்கட்தாண்ணே!” என்று தம்பிராஜா கூவினான்.

“பொறு.”

பொன்னுதுரை பிளாக்கின் மேற்பரப்பைச் சுரண்டித் துடைத்தார். மண்ணெண்ணெயைத் தடவிச் சற்றுநேரம் ஊறவிட்டார். பிறகு காய்ந்த துணியால் ஈரமில்லாமல் துடைத்து, சுண்ணாம்புக்கட்டியை எடுத்து வெள்ளை வெளேரென்று பூசினார். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளையில் கோடாகத் தெரியும். மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

தம்பிராஜா மூச்சு விட்டான்.

பொன்னுதுரை தலையைப் புரட்டிப் போட்டு அதற்கும் அதே வைத்தியம் செய்தார். இந்த முறை அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. வால்வு உட்காரும் குழிக்கும் தண்ணீர் போகும் துவாரத்துக்கும் நடுவே ஓர் ஈரக் கோடு எழுந்தது. நூல் அளவுதான். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் நீண்டது.

வெளியே மாணிக்கவாசகத்தின் சுத்தியல் சத்தம் கேட்டது.

“பிளாக்குல இருந்திருந்தா நானே இரும்புக்காரனக் கூப்பிட்டிருப்பேன். தலைன்றதால ஒட்டிப் பாக்கலாம். துக்காங் எமாஸ் தெருவைத் தாண்டி துக்காங் பெசித் தெருவுல ஒரு சீனத் தவுக்கே பட்டறை வச்சிருக்காரு. கரி நெருப்புல சூடேத்தி, பித்தளை ஊத்தி ஒட்டுவாரு. நிக்கலாம். நிக்காமலும் போகலாம். நான் வாக்கு குடுக்க மாட்டேன்,” என்றார் பொன்னுதுரை. கை கழுவக் குழாய்ப் பக்கம் போனார்.

தம்பிராஜா எழுந்து நின்றான். கையைத் துணியில் திரும்பத் திரும்பத் துடைத்தான்.

“திருப்பி மாட்டிருவோம், பாக்கியம். வேணாம்.”

“வாங்கலாம்,” என்றாள் அவள்.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். “நீ பாத்தீல்ல? வெடிப்பு. கண்ணுக்கு எதுர்ல.”

“பாத்தேன்.”

“ஒட்டுனது நடு வயல்ல விட்டுப்போச்சுன்னா? மாடும் போயிரும், வண்டியும் போயிரும். புள்ளைக்கு என்னாத்த ஊத்துவ?”

“இத்தன நாளா வாங்கணும் வாங்கணும்னு உசுர எடுத்தீங்க.”

“அப்ப தெரியாது. இப்பத் தெரியும்.” குரல் உயர்ந்தது. “தெரிஞ்சப்புறம் எப்படி வாங்குறது? நான் என்னா பைத்தியமா?”

“தெரியாத ஒண்ணுக்கு மாட்டைக் குடுக்கத்தான் எனக்குப் பயமா இருந்துச்சு,” என்றாள் பாக்கியலட்சுமி. “இது தெரிஞ்சது. எங்க ஓட்டைன்னு தெரியும். எது நல்லாருக்குன்னும் தெரியும். ஒட்டுனது விட்டுப்போனா மறுபடி ஒட்டுவீங்க. இல்ல, வேற தலை தேடுவீங்க. காலையிலேருந்து நீங்க இந்த எடத்தவிட்டு எந்திரிக்கவே இல்ல. அதை நான் பாத்தேன்.”

“அதுக்கும் இதுக்கும் என்னா?”

“இருக்கு.”

அவன் அவளை முறைத்தான். பிறகு கொட்டகைக்கு வெளியே போனான். சடக்குச் சாலையின் ஓரமாகப் பாதி தூரம் நடந்தான், திரும்பி வந்தான், மறுபடி நடந்தான். பொன்னுதுரை கை கழுவி வந்து அவளருகே நின்று ஒரு சுருட்டைப் பற்றவைத்தார்.

“தங்கச்சி, நான் சொன்னதைச் சரியாக் கேட்டீல்ல? நான் வாக்கு குடுக்கல.”

“கேட்டேன், அண்ணே. உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன்.”

தம்பிராஜா உள்ளே வந்தபோது அவன் முகம் கறுத்திருந்தது. “நாளைக்கு மாட்டுக்கு ஆள் வந்து நிக்கும். அப்ப அழக்கூடாது,” என்றான்.

“அழத்தான் செய்வேன். அதுக்காக விக்காம இருப்பேனா?”

மாடு பாச்சாங்கில் ஒரு பால்காரர் வீட்டுக்குப் போயிற்று. அவள் கயிற்றைக் கையில் கொடுத்தபோது அது அவள் தோளில் மூக்கை உரசியது. சொன்னபடியே அழுதாள். கம்பத்து வீடுகளுக்குப் போய், இனிமேல் பால் இல்லை என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு லாரியின் பின்னால் கட்டி டிராக்டரை இழுத்துவந்து அப்புவின் மாமரத்தடியில் நிறுத்தினார்கள். சீனத் தவுக்கே தலையைப் பார்த்ததும் உச்சுக் கொட்டினார். வெடிப்பின் இரு முனையிலும் சின்னத் துளை போட்டார், மேலும் ஓடாமல் இருக்க. கரி நெருப்பில் மெல்ல மெல்லச் சூடேற்றி ஒட்டினார். சாம்பலில் புதைத்து, தானாக ஆறும்வரை தொடக்கூடாது என்றார். தம்பிராஜா மறுநாளே போய்ச் சாம்பல் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றான். தவுக்கே அவனைக் கடையைவிட்டு விரட்டினார். அதற்கும் மறுநாள் போனான்.

பிறகு ஒரு தடித்த கண்ணாடிப் பலகையில் மணல் பசை தடவி, தலையின் அடிப்பக்கம் சமமாகும்வரை தேய்த்தான். கேஸ்கட் கோலாலம்பூரிலிருந்து வரவேண்டியிருந்தது. அது வருவதற்குள் மெர்டேக்கா வந்துபோயிற்று. ஊரே திடலில் கூடியது. கொடியைப் பார்க்க ஜெயாவைத் தோளில் தூக்கிக்கொண்டு அவனும் போனான். பாதியில், கேஸ்கட் வந்திருக்குமோ என்று பொன்னுதுரையைக் கூட்டத்தில் தேடத் தொடங்கினான். பாக்கியலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

எஞ்சினைப் பூட்டிய அன்று கம்பமே மாமரத்தடிக்கு வந்தது. கைப்பிடியைச் சுற்றினான். பிடித்தது. புகை முதலில் வெள்ளை, பிறகு நீலம், பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. பொன்னுதுரை ரேடியேட்டருக்குள் பார்த்தார். குமிழி இல்லை.

“இப்போதைக்கு இல்ல,” என்றார்.

முதல் உழவு அப்புவின் வயலில்தான். மழை இறங்கவில்லை. எருமை இழுக்க முடியாத அளவுக்கு மண் இறுகிக் கிடந்தது. தம்பிராஜா ஒரு சால் ஓட்டி இறங்கினான். எண்ணெய்க் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தான். கறுப்பு. ஏறினான். அடுத்த சால். மறுபடி இறங்கினான். அப்புவுக்குப் பொறுமை போயிற்று. இப்படியே ஏறி இறங்கினால் நிலத்தை நீ உழமாட்டாய், மிதித்தே முடித்துவிடுவாய் என்று மலாயில் கத்தினார்.

மத்தியானத்துக்குமேல் எஞ்சின் சத்தம் மாறியது. அவன் உடனே அணைத்தான். வரப்பில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாக்கியலட்சுமி வாய்க்காலிலிருந்து தண்ணீர்ப் பானையோடு ஓடிவந்தாள். மூடியைத் திறந்தால் ஆவி. தண்ணீர் குறைந்திருந்தது. எங்கே போயிற்று? எஞ்சினுக்குள்ளா? அவன் கம்பியை உருவித் துடைத்து வெயிலில் பிடித்தான். எண்ணெய் கறுப்பாகவே இருந்தது. வரப்பிலிருந்து வந்த பொன்னுதுரை குனிந்து தேடி, ரேடியேட்டரின் கீழ்க் குழாயில் ஒரு பட்டை தளர்ந்து சொட்டுவதைக் காட்டினார். திருகாணியை இறுக்கினார்கள். ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள்.

“இப்படி ஒவ்வொரு தடவையும் உசுரு போயி உசுரு வரணுமா?” என்றான் அவன் மெல்ல, அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

“வரட்டும். வருதுல்ல,” என்றாள்.

காலையிலிருந்து எருமையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்ற ஒரு மலாய்க்காரர் அப்போது கிட்டே வந்தார். பாச்சாங்கில் தனக்கும் நிலம் இருக்கிறது, நாளைக்கு வரமுடியுமா என்று கேட்டார். தம்பிராஜா மறைக்கவில்லை. பழைய வண்டி, ஒட்டுப் போட்ட எஞ்சின், நடுவயலில் நின்றாலும் நின்றுவிடும் என்றான். அந்த மனிதர் தன் எருமையைத் திரும்பிப் பார்த்தார். இதுவும் நடுவயலில்தான் படுத்துக்கொள்கிறது என்றார்.

ஒட்டு அந்தப் பருவமும் அடுத்த பருவமும் தாங்கியது. மூன்றாவது பருவத்தின் நடுவில், காஜா பேராங்கிலேயே, எண்ணெய் மறுபடி காப்பி நிறமாயிற்று. தம்பிராஜா இரண்டு நாள் வாசலுக்கும் மாமரத்தடிக்குமாக நடந்தான். மூன்றாம் நாள் தம்பின் ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் அதே மாதிரி டிராக்டர் ஒன்று கவிழ்ந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டு, அதன் தலையாவது கிடைக்கட்டும் என்று விடிந்ததும் பொன்னுதுரையை எழுப்பப் போனான். பாக்கியலட்சுமி கட்டுச்சோறு கட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்தாள்.